வார்டில் வாய் திறக்கப் பழகுதல்: செவிலியர் வகுப்பில் நாடகம் நடத்தும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், குமரி மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் பொது வார்டில், மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி இன்சுலின் எடுக்கும் மேசைக்கு அருகே நின்றுகொண்டிருந்தாள். ஸ்டாஃப் நர்ஸ் எடுத்த குப்பியில் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் என்று அச்சிட்டிருந்தது. அவர் கையில் இருந்ததோ சிவப்பு மூடியிட்ட 40 யூனிட் சிரிஞ்ச். அந்தச் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். 100 யூனிட் குப்பியிலிருந்து எடுத்த அரை மில்லியில் 50 யூனிட் இருக்கும். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது 20. மருந்தை இழுத்து முடித்த பிறகு நர்ஸ் தாமாகவே மூடியின் நிறத்தைக் கவனித்துச் சிரிஞ்சை மாற்றிவிட்டதால் விபரீதம் எதுவும் நேரவில்லை. டியூட்டி முடிந்ததும் மாணவியிடம் கேட்டேன்: "உனக்குத் தெரிஞ்சுதா?" அவள் சொன்னாள்: "தெரிஞ்சுது மேடம். அக்காகிட்ட எப்படிச் சொல்லணும்னுதான் தெரியல."

இதையே தேர்வில் கேட்டிருந்தால் அவள் முழு மதிப்பெண் வாங்கியிருப்பாள். மூத்தவர் ஒருவரை, அவர் மனம் கோணாமலும் ஆனால் அவர் கை அந்த நொடியில் நிற்கும்படியும், இடைமறிப்பதற்கான ஒரு வாக்கியம் மட்டும் அவள் வாயில் இல்லை. குழுவாக வேலை செய்தல், நோயாளியின் சார்பில் பேசுதல் என்று பாடநூல்கள் பிரித்து எழுதும் இரண்டு திறன்களும் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியத்தில் வந்துதான் சிக்கிக்கொள்கின்றன. வாய்க்குப் பழக்கம் வேண்டும் என்றால் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு வகுப்பறையில் நமக்குக் கிடைக்கும் மலிவான கருவி நாடகம். 2021-இல் அறிவிக்கப்பட்டு செமஸ்டர் முறைக்கு மாறிய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் பாவனைப் பயிற்சிக்கு இடம் கொடுத்திருப்பதால், கால அட்டவணையில் இதற்கு நேரம் ஒதுக்குவதும் முன்பு போலக் கடினமான காரியம் இல்லை. விலை உயர்ந்த பொம்மை நோயாளி தேவையில்லை. ஒரு கட்டில், ஒரு திரை, ஊசி கழற்றிய சில சிரிஞ்சுகள், அட்டையில் எழுதிய பெயர்ச் சீட்டுகள் போதும்.

முதல் படி: எதைப் பழக்கப் போகிறோம் என்று முடிவு செய்தல்

நம் மாவட்டத்தில் நாடகம் என்றதுமே ஒரு சிக்கல் கூடவே வந்து சேரும். நம் மாணவிகளில் பெரும்பாலோர் கிறிஸ்துமஸ் நாடகத்திலோ, பள்ளி ஆண்டு விழாவிலோ, செவிலியர் தினத்தன்று பேருந்து நிலையத்தில் நடத்தும் விழிப்புணர்வு நிகழ்ச்சியிலோ நடித்தவர்கள்தாம். அதனால் நடிப்பதற்குக் கூச்சம் குறைவு என்பது நன்மை. கடைசிக் காட்சியில் கெட்டவர் திருந்த வேண்டும், எல்லோரும் கைகூப்பி நின்று அறிவுரை சொல்ல வேண்டும் என்ற பழக்கமும் சேர்ந்தே வருவது தீமை. நமக்கு வேண்டியது நல்ல முடிவுள்ள நாடகம் அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். காட்சி தவறாகப் போக வேண்டும். எந்த இடத்தில் தவறியது என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலிருந்து திரும்ப நடிக்க வேண்டும்.

ஆகவே ஒரு காட்சிக்கு ஒரே ஒரு மௌனத்தைத் தேர்ந்தெடுங்கள். "தகவல் தொடர்பின் முக்கியத்துவம்" என்பது காட்சிக்கான பொருள் ஆகாது. "தவறான சிரிஞ்ச் எடுத்த மூத்த நர்ஸை மாணவி நிறுத்துவது" என்பது ஆகும்.

இரண்டாம் படி: காட்சியை எழுதுதல்

காட்சிக்கான கரு மாணவிகளின் வார்டு அனுபவத்திலிருந்து வர வேண்டும். "சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதுங்கள்" என்று பெயர் எழுதாத தாளில் கேட்டால், 40 பேர் உள்ள வகுப்பில் ஒரு ஆண்டுக்குத் தேவையான காட்சிகள் ஒரே மதியத்தில் கிடைத்துவிடும். அவற்றை அப்படியே மேடையேற்றக் கூடாது. வயது, ஊர், நோய், வார்டு ஆகியவற்றில் குறைந்தது மூன்றையாவது மாற்றிவிடுங்கள். நம் மாவட்டம் சிறியது. ஆசாரிபள்ளம் மருத்துவமனையில் நடந்தது மறுநாள் காலைக்குள் மார்த்தாண்டம் சந்தைக்கு வந்துவிடும்.

நான் அதிகம் பயன்படுத்தும் காட்சி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த 62 வயது அம்மா. தலையில் கடவம் சுமந்து வீடு வீடாக மீன் விற்றவர். சர்க்கரை நோயால் வலது காலில் புண் முற்றி, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று அறுவை சிகிச்சை நிபுணர் முடிவு செய்திருக்கிறார். ஒப்புதல் படிவத்தில் மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார். காலையில் கட்டு மாற்ற வந்த மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்கிறார்: "புண்ணைக் கழுவத்தானே கொண்டு போறாவ, மக்ளே?" மாணவிக்கு அப்போதுதான் புரிகிறது, அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை என்று. அடுத்த நிமிடம் ரவுண்ட்ஸ் வருகிறது.

இந்தக் காட்சியில் வில்லன் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு சீட்டு கொடுத்து, அவர் எதற்காக அவசரப்படுகிறார், எதற்காக அஞ்சுகிறார் என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டை மற்றவர்கள் பார்க்கக் கூடாது. மருத்துவருக்கு அன்று ஆறு அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன, புண்ணின் நஞ்சு மேலேறிவிடும் என்ற கவலையும் இருக்கிறது. மகனுக்கு, உண்மையைச் சொன்னால் அம்மா சம்மதிக்காமல் வீட்டுக்குப் போய் இறந்துவிடுவார் என்ற பயம். இன்சார்ஜ் சிஸ்டருக்கு இரண்டு பேர் விடுப்பில், வார்டில் 38 நோயாளிகள். நியாயமான இத்தனை அவசரங்களுக்கு நடுவில்தான் அந்த அம்மாவின் கேள்வி காணாமல் போகிறது என்பதை மாணவிகள் உடம்பால் உணர வேண்டும். மருத்துவரைக் கொடுமைக்காரராகக் காட்டினால் வகுப்பு கைதட்டும். மறுநாள் வார்டில் அதனால் ஒரு பயனும் இராது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் காட்சியை எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும். மயக்க நிலையில் இருந்த பெண்ணுக்காக அவருடைய தாயார் கொடுத்த ஒப்புதலை வைத்துக் கருப்பையை அகற்றிய சமீரா கோலி வழக்கில், அவசர உயிராபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த நோயாளிக்குப் பதிலாக உறவினர் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. "வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும் நம் வார்டுகளில், இந்த ஒரு தகவலே பல மாணவிகளுக்குப் புதிதாக இருக்கிறது. ஆனால் காட்சி முடிவதற்கு முன் இதைச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர்கள் நடிப்பதை விட்டுச் சட்டம் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்றாம் படி: வில்லுப்பாட்டை வைத்து உடம்பையும் காதையும் தயார் செய்தல்

வெளிநாட்டுக் கையேடுகளில் உள்ள பந்து எறியும் விளையாட்டுகள் நமக்கு ஒட்டவில்லை. கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த ஊரில் அதைவிட நல்லது கையிலேயே இருக்கிறது. புலவர் ஒரு வரியைச் சொன்னதும் பின்பாட்டுக்காரர் அதன் கடைசிச் சொற்களை எடுத்து "ஆமா" போடுவார், சில இடங்களில் "அது எப்படி?" என்று குறுக்கே கேட்பார். மருத்துவக் குழுவுக்கும் இந்த இரண்டும் வேண்டும். வாய்மொழியாக வந்த உத்தரவைத் திரும்பச் சொல்லி உறுதி செய்வதும், சரியில்லாததைக் குறுக்கே கேட்பதும் ஒரே வாயின் வேலைகள்.

ஆறேழு பேர் வட்டமாக அமர்ந்து, ஒருத்தி புலவராக இருந்து உத்தரவுகளைச் சொல்ல வேண்டும்: "ஆக்சிடோசின் 10 யூனிட், ஐ.எம்." எல்லோரும் மருந்து, அளவு, செலுத்தும் வழி (ஐ.எம். என்றால் தசையில்) மூன்றையும் திரும்பச் சொல்லி ஆமா போட வேண்டும். நான்கைந்து சரியான உத்தரவுகளுக்குப் பிறகு, தாளம் சூடேறியதும், புலவர் அதே குரலில் "பொட்டாசியம் குளோரைடு ஒரு ஆம்ப்யூல், நேரா ஐ.வி. புஷ்" என்பார். நீர்க்காமல் நேரடியாக இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய மருந்து அது என்று இரண்டாம் ஆண்டு மாணவிக்கும் தெரியும். ஆனாலும் பாதி வட்டம் ஆமா போட்டிருக்கும். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாடம் நடந்துவிடுகிறது. பழக்கத்தின் தாளம் நம்மை எப்படி இழுத்துக்கொண்டு போகிறது என்பதை நான் அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நான்காம் படி: நடித்தல், நிறுத்துதல், மீண்டும் நடித்தல்

இங்கே பயன்படும் முறை பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கிய மன்ற அரங்கு. காட்சி முதல் முறை தடங்கலின்றி நடக்கும். ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். மாணவி வாய் திறக்காமல் நிற்க, ஸ்ட்ரெச்சர் நகர, காட்சி முடியும். இரண்டாம் முறை அதே காட்சி தொடங்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர்களில் எவரும் "நிறுத்து" என்று சொல்லி, எழுந்து வந்து, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். போவால் இதை நடத்துபவரை ஜோக்கர் என்றார். நம் கூத்தில் பார்வையாளருக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நிற்கும் கட்டியக்காரன் செய்யும் வேலைக்கு இது வெகு நெருக்கமானது. அந்த இடத்தில் ஆசிரியர் நிற்கலாம்.

இரண்டு விதிகளை விட்டுக்கொடுக்க வேண்டாம். மாணவி, நர்ஸ் ஆகிய பாத்திரங்களை மட்டுமே மாற்றலாம். மருத்துவரை மாற்றக் கூடாது. மருத்துவர் திடீரென்று கனிவானவராகிவிட்டால் சிக்கலே இல்லாமல் போய்விடும், நம் மாணவிகள் வார்டில் சந்திக்கப்போவது அத்தகைய மந்திர மாற்றத்தை அல்ல. அடுத்து, மருத்துவராக நடிப்பவர் வந்த பேச்சுக்கு ஏற்றபடி உண்மையாக மாற வேண்டும்: நல்ல வாக்கியம் வந்தால் நிற்க வேண்டும், மழுப்பல் வந்தால் நடந்துவிட வேண்டும். முதல் சில அமர்வுகளில் மருத்துவராக நானே நடிப்பேன். ஆசிரியரிடமே "கொஞ்சம் நில்லுங்க சார்" என்று சொல்லிவிட்ட பிள்ளைக்கு ஹவுஸ் சர்ஜனிடம் சொல்வது அவ்வளவு பாரமாக இராது.

நோயாளியாக நடிப்பவரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். நோயாளியாக நடிக்க ஆள் பழக்கும் முறையை அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கினார். அதன் பலமே, கட்டிலில் கிடப்பவர் பிறகு எழுந்து உட்கார்ந்து, தமக்கு எப்படி இருந்தது என்று சொல்ல முடிகிறது என்பதுதான். ஒருமுறை எங்கள் விடுதிச் சமையல்காரம்மாவை நடிக்கச் சொன்னோம். நான்கு மாணவிகள் மாறி மாறி மருத்துவரிடம் வாதாடி, ஐந்தாவதாக வந்தவள் வென்றும்விட்டாள். முடிவில் அவரிடம் கேட்டபோது அவர் சொன்னது: "நல்லாத்தான் பேசினாவ. ஆனா எனக்க காலு, எனக்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல்லியே மக்ளே." ஐந்து பேரில் ஒருத்திகூடக் கட்டில் பக்கம் திரும்பவில்லை. அன்றிலிருந்து நோயாளிக்காகப் பேசுவதற்கு முன் நோயாளியிடம் பேச வேண்டும் என்பதை நான் வாயால் சொல்வதில்லை. கட்டிலில் இருப்பவரே சொல்லிவிடுகிறார்.

ஐந்தாம் படி: வாக்கியத்தைச் செதுக்குதல்

வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அமெரிக்காவில் 2006-இல் வெளியான டீம்ஸ்டெப்ஸ் பயிற்சித் திட்டம், எதிர்த்துச் சொல்ல வேண்டிய தருணத்துக்கு மூன்று படிகளைக் கொடுக்கிறது: எனக்குக் கவலையாக இருக்கிறது, எனக்கு இது சரியாகப் படவில்லை, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். ஆங்கிலத்தில் இவை பழகிய சொற்கள். இவற்றை வரிக்கு வரி தமிழாக்கி மாணவியின் வாயில் வைத்தால் வானொலிச் செய்தி வாசிப்பது போல் இருக்கும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே படிகளை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களை அவர்களிடமிருந்தே எடுக்க வேண்டும்.

என் வகுப்புகளில் நிலைத்த வடிவம் இது: முதலில் கண்ணால் கண்டது, பிறகு கவலை, பிறகு கேட்கும் உதவி. பிரசவ வார்டில் இரத்தப்போக்குக் காட்சியில் ஒருத்தி முதலில், "சார், கொஞ்சம் பிளீடிங் இருக்க மாதிரி இருக்கு" என்றாள். மருத்துவர் "பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்தவள் இப்படிச் சொன்னாள்: "சார், 4-ஆம் பெட் அம்மாவுக்கு அரை மணி நேரத்துல ரெண்டு பேட் முழுசா நனைஞ்சிருக்கு, பல்ஸ் 124. எனக்குப் பயமா இருக்கு சார். நீங்க இப்ப வந்து பார்க்கணும்." அதே "சார்", அதே மரியாதை, ஆனால் "கொஞ்சம்", "மாதிரி" இரண்டும் போய் எண்கள் வந்துவிட்டன. மரியாதை வேறு, மழுப்பல் வேறு என்பதைப் பிரித்துக் காட்ட, கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களையும் எழுதி, "மாதிரி", "போல", "கொஞ்சம்" எல்லாவற்றையும் அடிக்கச் சொல்லுங்கள். "சார்" என்பதை அடிக்க வேண்டாம். அது நம் பேச்சின் எண்ணெய்.

மூத்த நர்ஸிடம் பேசுவது வேறு கலை. அங்கே "அக்கா, ஒரு நிமிஷம், சிரிஞ்ச் மூடி சிவப்பா இருக்கே, குப்பி நூறு தானே?" என்று கேள்வியாகக் கேட்டால் பெரும்பாலும் கை நின்றுவிடுகிறது. முதல் முறை காதில் விழவில்லை என்றால் இரண்டாம் முறை கேள்வியாக இராமல் நேரடியாக வர வேண்டும்: "அக்கா, போடாதீங்க. சிரிஞ்ச் மாறியிருக்கு."

இரண்டாம் முறை சொல்வது எதற்காக என்பதற்கு நான் சொல்லும் உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. 2005-இல் இங்கிலாந்தில் எலைன் ப்ரோமிலி என்பவர் சாதாரண சைனஸ் அறுவை சிகிச்சைக்குச் சென்றார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைபட்டது; அனுபவமிக்க மருத்துவர்கள் குழாய் செருக மீண்டும் மீண்டும் முயன்றார்கள். நர்ஸ் ஒருவர் தொண்டையில் துளையிடும் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று அறிவித்தார், எவரும் கவனிக்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு வந்தார். மிகைப்படுத்துகிறாரோ என்பது போல் மருத்துவர்கள் பார்த்ததால் அதை ரத்து செய்தார். 13 நாள்களுக்குப் பின் எலைன் இறந்தார். விமானியான அவருடைய கணவர், தம் துறையில் துணை விமானிக்குக் கற்பிக்கப்படும் பேச்சு ஏன் அந்த அறையில் இல்லை என்று கேட்டதிலிருந்தே அங்கு இது பெரிய பேச்சானது. செய்ய வேண்டியது என்ன என்று அந்த நர்ஸ்களுக்குத் தெரிந்திருந்தது. இன்சுலின் மேசை அருகே நின்ற நம் மாணவிக்கும் தெரிந்திருந்தது.

குழுவாகப் பேசுவதற்கான மற்றொரு பயிற்சி எளியது. "யாராவது ஓ.டி.க்கு போன் பண்ணுங்க" என்ற வரியைக் காட்சியில் வைத்துப் பாருங்கள், நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பெயரைச் சொல்லி அழைத்ததும் அந்தக் கால்கள் நகர்வதைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. டியூட்டி மாறும்போது தகவல் கொடுப்பதற்கு எஸ்பார் வரிசையை, அதாவது நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்பதை, இதே போலக் காட்சியாக்கலாம். அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த வரிசை அது. நம் பிள்ளைகள் முதல் மூன்றையும் நன்றாகச் சொல்கிறார்கள். நான்காவதாக, "இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன்" என்பதில்தான் குரல் இறங்குகிறது.

ஆறாம் படி: வேடம் களைந்து பேசுதல்

காட்சி ஏழு நிமிடம் என்றால் அதன் பிறகான பேச்சுக்கு அரை மணி நேரம் வையுங்கள். பேசத் தொடங்கும் முன் நடித்தவர்கள் பெயர்ச் சீட்டையும் கோட்டையும் கழற்றி மேசையில் வைத்து, தம் சொந்தப் பெயரைச் சொல்லி, வேறு நாற்காலியில் அமர வேண்டும். சிறிய சடங்குதான், ஆனால் இதைச் செய்யாத அன்று, மருத்துவராக நடித்த மாணவியிடம் மாலை விடுதியில் தோழிகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் நோயாளியாக இருந்தவர், அடுத்து மாணவியாக நின்றவர், கடைசியில் மருத்துவர் என்ற வரிசையில் உணர்ந்ததைச் சொல்லட்டும். அதன் பிறகு என்ன நடந்தது, எந்த நொடியில் வேறு வழி இருந்தது என்று பார்க்கலாம். "நீ ஏன் சும்மா நின்றாய்?" என்று கேட்காதீர்கள், "அப்போது உன் மனதில் என்ன ஓடியது?" என்று கேளுங்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண், அக்காவின் கோபம், பெண் பிள்ளை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வீட்டில் சொன்னது, எல்லாம் வெளியே வரும். அவை வெளியே வந்த பிறகுதான் சட்டத்தையும் மருத்துவ விவரத்தையும் சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சுனாமியிலோ ஒக்கிப் புயலிலோ வீட்டில் ஒருவரை இழந்தவர்கள், அண்மையில் தந்தையை ஐ.சி.யு.வில் பார்த்துவிட்டு வந்தவர்கள் வகுப்பில் இருக்கலாம். காட்சி எதைப் பற்றியது என்பதை முந்தைய நாளே அறிவித்து, காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ள அனுமதியுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஒரு ரீல்ஸ் போதும், அடுத்த முறை எவரும் உண்மையாக நடிக்க மாட்டார்கள்.

ஏழாம் படி: அளந்து பார்த்தல், தொடர்தல்

நடிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். பார்வையாளர்களில் இருவரிடம் தாள் கொடுத்து, எத்தனை உத்தரவுகள் திரும்பச் சொல்லப்பட்டன, எத்தனை முறை பெயர் சொல்லி அழைத்தார்கள், நோயாளியின் முகம் பார்த்து எத்தனை வாக்கியம் பேசினார்கள் என்று கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள். முதல் அமர்வுக்கும் மூன்றாம் அமர்வுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் கோடுகளிலேயே தெரியும். வாய்ப்பிருந்தால் மூன்றாம் அமர்வுக்கு ஹவுஸ் சர்ஜன்களையும் அழைத்து, பாத்திரங்களை மாற்றிக் கொடுங்கள். மாணவியின் இடத்தில் நின்ற ஓர் இளம் மருத்துவர், "இங்க நின்னா குரலே வரமாட்டேங்குதே" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

வார்டுக்குத் திரும்பிய இரண்டு வாரத்துக்குப் பிறகு மீண்டும் பெயர் எழுதாத தாளைக் கொடுத்து, இந்த இடைவெளியில் வார்டில் சொன்ன ஒரு வாக்கியத்தை, சொன்னபடியே எழுதச் சொல்லுங்கள். சென்ற முறை வந்தவற்றில் ஒன்று, நோயாளியின் கைப்பட்டை எண்ணைப் பற்றியது: "அக்கா, பேண்டு நம்பர் ஒரு தடவ பாத்துக்கலாமா?" இன்னொன்று: "சார்னு கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தாங்க. அதுக்கு மேல வரல." அந்தத் தாளை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன்; அடுத்த அமர்வின் காட்சி, மருத்துவர் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் தொடங்குகிறது.